சதுக்கத்து அடுப்புகள்

டெக்சாஸ் மாநிலத்துப் பெருநகரங்களுள் ஹூஸ்டன் துறைமுகத்தாலும் எண்ணெயாலும் பெருத்தது; டல்லாஸ் ரயிலாலும் பருத்தி வர்த்தகத்தாலும் செழித்தது; ஆஸ்டின் அரசாங்கத்தின் இருப்பிடமாகவே பிறந்து வளர்ந்தது. இவை எல்லாவற்றுக்கும் நூறு ஆண்டுகளுக்கு மேல் மூத்தது சான் அன்டோனியோ. இன்று அங்கே செல்லும் பிரயாணிகள், கல்லால் கட்டிய பழைய தேவாலயங்களைக் கண்டு, நகரின் நடுவே தெருமட்டத்துக்குக் கீழே ஓடும் ஆற்றின் கரையில் உலாவி, மிளகாயும் மாமிசமும் சேர்த்துச் சமைத்த ஆகாரத்தை உண்டு, கிதாரை மீட்டிப் பாடுகிறவர்களின் பாட்டைக் கேட்டு மகிழ்ந்து திரும்புகிறார்கள். இந்தச் சுகங்கள் எல்லாம் அந்த மண்ணில் தாமாகவே விளைந்தவை என்று அவர்கள் நினைத்தால் அதில் வியப்பில்லை. ஆனால் அவ்வூரின் சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்ப்பவர்களுக்கு, அவற்றுள் ஏறக்குறைய ஒவ்வொன்றும் யாரோ ஒரு பெண்ணுடைய உழைப்பாலோ, பெண்கள் சிலருடைய பிடிவாதத்தாலோ நிலைத்தது என்பது புலப்படும். அப்பெண்களுள் சிலருடைய வார்த்தை நகரசபையில் ஏறிற்று. பலருடைய வார்த்தை வாசற்படியைக்கூடத் தாண்டவில்லை. இரு சாராருடைய கதையையும் சேர்த்துச் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1718-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஸ்பெயின் தேசத்துப் பாதிரிமாரும் போர்வீரரும் மெக்ஸிகோவிலிருந்து வடக்கே வந்து, ஊற்றுநீர் பெருகி ஓடிய ஓர் ஆற்றின் கரையில் ஒரு மிஷனையும் ஒரு காவற்கோட்டையையும் நிறுவினார்கள். அலமோ என்று பிற்காலத்தில் உலகப் பிரசித்தி பெற்ற இடம் அந்த மிஷனே. 1720-இல் சான் ஹோசே மிஷன் எழுந்தது. 1731-இல் கிழக்கு டெக்சாஸிலிருந்து மூன்று மிஷன்கள் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டு அதே ஆற்றின் கரையில் அமைக்கப்பட்டன. இவற்றைக் கட்டிய கைகள் அந்நாட்டுப் பூர்வகுடிகளின் கைகள். நோயாலும் எதிரிகளின் தாக்குதலாலும் நலிந்து, காவலும் சோறும் தேடி மிஷன்களை அடைந்த அம்மக்கள், மதத்தோடு புதுவகை உழவையும் கல்தச்சு வேலையையும் கற்றுக்கொண்டார்கள். ஆற்றிலே அணை கட்டி, அசேக்கியா எனப்படும் வாய்க்கால்களின் வழியே வயல்களுக்கு நீரைக் கொண்டுபோனார்கள். எஸ்பாடா மிஷனின் வாய்க்காலை ஓர் ஓடையின் குறுக்கே தாங்கிச் செல்லும் கல்வளைவுப் பாலம் ஏறக்குறைய 1745-க்குள் கட்டி முடிக்கப்பட்டது. பெரும் வெள்ளங்கள் பலவற்றைத் தாங்கி நின்று, இன்றைக்கும் அது தன் முதுகின்மேல் தண்ணீரைச் சுமந்து செல்கிறது.

அதே 1731-இல் கானரித் தீவுகளிலிருந்து சுமார் 15 குடும்பங்கள், மன்னருடைய கட்டளையின்பேரில் கப்பலேறி வெராகுருஸ் துறையில் இறங்கி, அங்கிருந்து மாதக்கணக்கில் தரைவழியே நடந்து அவ்விடம் வந்து சேர்ந்தன. அவர்களுக்கென்று வகுக்கப்பட்ட ஊரின் நடுவில், தீவுகளின் சதுக்கம் என்ற பொருள்பட ஒரு வெளி விடப்பட்டது. அதற்கு மேற்கே போர்வீரர்களின் அணிவகுப்புச் சதுக்கம் இருந்தது. இரண்டுக்கும் இடையே 1738-இல் சான் பெர்னாண்டோ தேவாலயத்துக்கு அஸ்திவாரம் இடப்பட்டது. ஸ்பானிய முறையில் அமைந்த ஊரில் சதுக்கம் என்பது வெற்றிடம் அன்று. பூஜையும் சந்தையும் திருவிழாவும் தண்டனையும் சல்லாபமும் எல்லாம் நிகழும் பொதுக்கூடம் அது. வீடுகள் சிறியனவாய் இருந்த காலத்தில் மக்கள் தங்கள் வாழ்க்கையின் பாதியைச் சதுக்கத்திலேயே கழித்தார்கள். நாம் சொல்லப் புகுந்த அடுப்புகள் மூட்டப்பட்டதும் அங்கேதான்.

அந்நகரத்தின் ஆகாரத்தைப்பற்றி இவ்விடத்தில் சிறிது சொல்லவேண்டும். தென் டெக்சாஸின் புதர்க்காடுகளில், முத்துப்போல உருண்ட சிறு மிளகாய் ஒன்று யாரும் விதைக்காமலே விளைகிறது. பறவைகள் அதைத் தின்று விதையைப் பரப்புகின்றன. மக்காச்சோளமோ மெக்ஸிகோ நாட்டின் ஆதி தானியம். அதைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, தோலைத் தேய்த்துக் கழுவி, மூன்று கால்கள் கொண்ட சாய்வான கல்லின்மேல் வைத்து, நம் பெண்கள் அம்மியில் அரைப்பதுபோல முழங்காலிட்டு முன்னும் பின்னும் இழுத்து அரைத்தெடுத்தால், கையில் ஒட்டாத மாவு கிடைக்கும். அதைத் தட்டிக் கல்லில் சுட்டால் டார்ட்டில்லா; அதனுள்ளே மாமிசத்தை வைத்துச் சோளத்தின் மடலில் பொதிந்து ஆவியில் வேகவைத்தால் டமாலே. மாடுகள் பெருகிய அந்நாட்டில் மாட்டிறைச்சி மலிவு. ஆனால் ஏழைகளுக்குக் கிடைத்த பகுதி நார் மிகுந்தது. அதைச் சிறு துண்டுகளாக நறுக்கி, காய்ந்த மிளகாய், பூண்டு, சீரகம், ஓரிகானோ இலை ஆகியவற்றைச் சேர்த்து நெடுநேரம் கொதிக்கவைத்து மெதுவாக்கினார்கள். சில்லி கான் கார்னே என்று உலகமெங்கும் பரவிய பதார்த்தம் அவ்வாறு பிறந்ததே. மிளகாய் அமெரிக்க மண்ணின் செல்வம்; போர்ச்சுகீசியரின் கப்பலேறித்தான் அது நம் தேசத்துக்கு வந்தது. சீரகமோ பழைய உலகத்தைச் சேர்ந்தது. ஸ்பானியரோடு கடல் கடந்து அங்கே போயிற்று. ஆகவே அந்தக் குழம்பின் வாசனை தமிழர் ஒருவருக்கு முற்றிலும் அந்நியமாகத் தோன்றாததற்குத் தக்க காரணம் உண்டு.

இந்த ஆகாரத்தை இரவு நேரத்தில் சதுக்கத்திலே விற்று ஜீவனம் நடத்திய மெக்ஸிகோ இனத்துப் பெண்களையே ஊரார் மிளகாய் ராணிகள் என்று அழைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தொழில் உச்சநிலையில் இருந்தது. பகல் முழுவதும் அணிவகுப்புச் சதுக்கம் காய்கறி வண்டிகளுக்கும் வைக்கோல் வண்டிகளுக்கும் விறகு வண்டிகளுக்கும் உரியது. மெக்ஸிகோவுக்கும் கடற்கரைக்கும் சரக்கு ஏற்றிச் செல்லும் வண்டிக்காரர்கள் அங்கேதான் மாடுகளை அவிழ்த்துவிடுவார்கள். பொழுது சாய்ந்து அந்த வண்டிகள் விலகியதும் இப்பெண்களின் வண்டிகள் வரும். வீட்டிலேயே சமைத்துக்கொண்டுவந்த பெரும் பாத்திரங்களை இறக்கி, மெஸ்கீட் விறகை அடுக்கித் தீ மூட்டி, அதன்மேல் அவற்றை ஏற்றி வைப்பார்கள். நீண்ட மேஜைகளை வரிசையாகப் போட்டு, எண்ணெய்த்துணியை விரித்து, இருபுறமும் பலகைகளை இடுவார்கள். மேஜைக்கு மேஜை வர்ணக் கண்ணாடி இட்ட லாந்தர் எரியும்; ஒரு மேஜையின் ஒளி சிவப்பு, அடுத்ததன் ஒளி பச்சை. சிறிது நேரத்துக்கெல்லாம் மிளகாயின் நெடியும் விறகுப் புகையும் கலந்து சுற்றியுள்ள தெருக்களில் பரவி, பசித்தவரையும் பசியாதவரையும் ஒருங்கே அழைக்கும்.

அழைப்புக்கு இணங்கி வந்தவர்கள் பலதிறத்தவர். மாடு மேய்ப்பவரும், அருகிலிருந்த பாளையத்துச் சிப்பாய்களும், வண்டிக்காரரும், சூதாட்ட விடுதியிலிருந்து வெளிப்பட்டவரும், நாடகம் பார்த்துவிட்டுத் திரும்பும் கனவான்களும் அவர்தம் மனைவியரும் ஒரே பலகையில் தோளோடு தோள் உட்கார்ந்து உண்டார்கள். தட்டு நிறையக் குழம்பும் அவரைவிதையும் டார்ட்டில்லாவும் பத்து சென்ட்டுக்குக் கிடைத்தன. தாய் பாத்திரத்தருகில் நின்று அளந்து போடுவாள். மகள் மேஜைகளுக்கிடையே நடந்து பரிமாறுவாள். சிறுவர்கள் விறகையும் தண்ணீரையும் கவனிப்பார்கள். பாடகர்கள் மேஜைக்கு மேஜை சென்று, காசு கொடுத்துக் கேட்டவர்களுக்குப் பாடுவார்கள். இனமும் நிறமும் மனிதர்களைப் பிரித்து வைத்திருந்த அந்தக் காலத்தில், ஆங்கிலம் பேசும் பிரபுவும் ஸ்பானிய மொழி பேசும் கூலியாளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உண்ட இடம் அந்நகரத்தில் வேறெங்கும் இருந்திராது. விடியற்காலையில், மறுபடி காய்கறி வண்டிகள் வருவதற்கு முன், அடுப்புகளை அணைத்து, சாம்பலைப் பெருக்கி, மேஜைகளை ஏற்றிக்கொண்டு அப்பெண்கள் போய்விடுவார்கள். பெருக்கிச் சுத்தம் செய்துவிட்டுப் போன அந்த வேலை யாருடைய வர்ணனையிலும் முதலிடம் பெறவில்லை என்றாலும், அது நடந்திராவிட்டால் மறுநாள் சந்தை நடந்திராது.

1877-இல் ரயில் சான் அன்டோனியோவை எட்டியது. பாலைநிலத்தின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த ஊருக்கு, குளிர்காலத்தைக் கழிக்கவும் க்ஷயரோகத்துக்கு உலர்ந்த காற்றை நாடியும் வடமாநிலத்தவர் வரத் தொடங்கினார்கள். அவர்கள் பார்க்க விரும்பிய காட்சிகளுள் அலமோவுக்கு அடுத்தபடியாக மிளகாய் ராணிகளின் சதுக்கமே இருந்தது. பத்திரிகை எழுத்தாளர்கள் அவர்களைப்பற்றி எழுதினார்கள், 1895-இல் அவ்வழியாக வந்த ஸ்டீபன் கிரேன் எழுதினார், ஓ. ஹென்றி ஒரு சிறுகதையின் களமாகவே அந்த மேஜைகளைக் கொண்டார். ஆனால் இவர்களுள் பெரும்பாலோர் அப்பெண்களின் கண்ணழகையும் கூந்தலில் செருகிய பூவையும் சாமர்த்தியமான பதிலையும் வர்ணித்தார்களே அன்றி, பகலெல்லாம் சுண்ணாம்பு நீரில் சோளம் கழுவிய கையைப் பார்த்தவர் அரியர். ராணி என்ற பட்டத்தை ஊர் தாராளமாக வழங்கிற்று. ராஜ்யத்தில் ஓர் அடி நிலத்தைக்கூட அவர்களுக்கு உரிமையாக்கவில்லை.

அதற்குச் சான்று விரைவிலேயே கிடைத்தது. அணிவகுப்புச் சதுக்கத்தின் நடுவே புதிய நகர மண்டபம் கட்டுவது என்று தீர்மானித்து, 1889-இல் வேலையைத் தொடங்கி, 1891-இல் முடித்தார்கள். கல்லும் கோபுரமுமாக மண்டபம் எழுந்தபோது அடுப்புகளுக்கு இடமில்லாமற்போயிற்று. பெண்கள் அலமோ சதுக்கத்துக்கும், பின்பு மேற்கே இருந்த வைக்கோற் சந்தைச் சதுக்கத்துக்கும் பெயர்ந்தார்கள். அதன்பின் ஐம்பது ஆண்டுகள் அவர்களுடைய வாழ்க்கை பெரும்பாலும் இவ்வகைப் பெயர்ச்சிகளாகவே கழிந்தது. ஒரு சதுக்கம் கௌரவமடையும்போதெல்லாம் அவர்கள் அடுத்த சதுக்கத்தைத் தேடவேண்டியிருந்தது.

இதற்கிடையில் அவர்களுடைய கைப்பக்குவம் அவர்களை விட்டுத் தனியே பிரயாணப்பட்டது. 1893-இல் சிகாகோ நகரில் நடந்த உலகக் கண்காட்சியில், சான் அன்டோனியோவின் பெயரால் ஒரு சில்லிக் கடை வைக்கப்பட்டு, அச்சுவையை வடநாட்டார் அறிந்தார்கள். சான் அன்டோனியோவுக்கு அருகிலுள்ள நியூ பிரான்பெல்ஸ் என்ற ஊரில் சிற்றுண்டிச்சாலை நடத்திய வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியர், ஆண்டு முழுவதும் மிளகாய் கிடைப்பதில்லையே என்று யோசித்து, காய்ந்த மிளகாயை இறைச்சி அரைக்கும் யந்திரத்தில் இட்டுத் திரும்பத் திரும்ப அரைத்து, மற்றச் சரக்குகளும் சேர்த்துப் பொடியாக்கிப் புட்டிகளில் அடைத்தார். 1896-இல் கழுகு முத்திரையோடு அதைப் பதிவு செய்துகொண்டார். மதிநுட்பமும் முயற்சியும் உடைய அவரைக் குறை சொல்லுவதற்கில்லை. ஆனால் சதுக்கத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்த சேர்மானம், முத்திரை பெற்றுத் தபாலில் ஊர் ஊராகச் சென்று லாபம் ஈட்டியபோது, அதன் மூலகர்த்தாக்கள் மறுநாள் எந்த மூலையில் அடுப்பு மூட்டுவது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும்.

இனி மற்றொரு சாராரின் கதைக்கு வருவோம். நகர மண்டபம் திறந்த அதே 1891-இல், ஏப்ரல் மாதத்தில், நகரத்துச் செல்வக்குடும்பப் பெண்கள், மெக்ஸிகோவிடமிருந்து டெக்சாஸ் விடுதலை பெற்ற சான் ஹசின்டோ போரின் நினைவாக, பூக்களால் அலங்கரித்த வண்டிகளில் ஏறி அலமோவின் முன்னே வந்து, ஒருவர்மேல் ஒருவர் மலர்களை வீசி விளையாடினார்கள். ஜனாதிபதி ஹாரிசன் வருகையை ஒட்டி நடத்த எண்ணிய அவ்விழா மழையால் சில நாள் தள்ளிப்போய், அவர் சென்றபின் நடந்தது. மலர்ப்போர் ஊர்வலம் என்று பெயர் பெற்ற அது ஆண்டுதோறும் தொடர்ந்து, பியெஸ்டா என்னும் பெருவிழாவாக வளர்ந்தது. இன்றளவும் அந்த ஊர்வலத்தை முற்றிலும் பெண்களே நடத்திவருகிறார்கள்.

அலமோவின் சுவர்கள் நிலைத்ததும் பெண்களாலேதான். தேவாலயக் கட்டடத்தை மாநில அரசாங்கம் 1883-இல் வாங்கிவிட்டது; ஆனால் அதையடுத்த நீண்ட மாளிகை மளிகை வியாபாரிகளின் கிடங்காக மாறியிருந்தது. 1836-ஆம் ஆண்டு மார்ச் 6-ஆம் தேதி விடியற்காலையில் டெக்சாஸ் விடுதலைக்காக அங்கே நடந்த போரின் உக்கிரமான பகுதி அக்கட்டடத்துக்குள் நிகழ்ந்தது என்பதையும், அதன் உட்சுவர்கள் மிஷன் காலத்தவை என்பதையும் ஓயாமல் எடுத்துச் சொன்னவர் அடினா தெ சவாலா, டெக்சாஸ் குடியரசின் முதல் உப ஜனாதிபதியின் பேத்தி, பள்ளிக்கூட ஆசிரியை. கிடங்கை வாங்கும் பொருளை உதவியவர் கிளாரா டிரிஸ்கோல் என்னும் செல்வப்பெண். 1905-இல் அரசாங்கம் அப்பணத்தைத் திருப்பித் தந்து, இடத்தை டெக்சாஸ் குடியரசின் புதல்வியர் என்ற சங்கத்திடம் ஒப்புவித்தது. பிறகு சங்கத்துக்குள்ளேயே பிளவு உண்டாயிற்று. நீண்ட மாளிகை பிற்காலத்துக் கட்டடம், அதை இடித்துவிட்டால் தேவாலயம் எடுப்பாகத் தெரியும் என்று ஒரு கட்சியார் கருதினார்கள். 1908 பிப்ரவரியில் அடினா தெ சவாலா அந்தக் கட்டடத்துக்குள் புகுந்து தாழிட்டுக்கொண்டு மூன்று நாட்கள் வெளியே வர மறுத்துவிட்டார். செய்தி தேசமெங்கும் பரவிற்று. மேல்மாடிச் சுவர்கள் பின்னர் இடிக்கப்பட்டன என்றாலும் கீழ்த்தளத்தின் கற்சுவர்கள் தப்பின. அவர் சொன்னதே சரி என்று காலம் ஒப்புக்கொண்டது.

1921-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 9-ஆம் தேதி இரவு பெருமழை பெய்து, ஆறும் ஓடைகளும் கரைபுரண்டன. ஏறக்குறைய 50 பேர் மாண்டார்கள். அவர்களுள் பெரும்பாலோர் மேற்குப்புறத்து ஓடைக்கரைகளில் குடிசைகளில் வாழ்ந்த மெக்ஸிகோ இன மக்கள். ஆனால் வெள்ளத்தடுப்புக்கு என்று நகரம் செலவிட்ட பொருள் கடைவீதியைக் காக்கும் அணைக்கும் ஆற்றுச் சீரமைப்புக்குமே பெரிதும் சென்றது. மேற்குப்புறத்து ஓடைகள் பல பத்தாண்டுகள் அப்படியே விடப்பட்டன. கடைவீதி நடுவே வளைந்து ஓடும் ஆற்றைத் தூர்த்து நிலமாக்கிவிடலாம் என்ற யோசனையும் அக்காலத்தில் அடிக்கடி தலைதூக்கியது.

இத்தகைய சூழ்நிலையில், 1924-இல், எமிலி எட்வர்ட்ஸ், ரீனா மேவரிக் கிரீன் என்ற ஓவியப் பெண்மணிகள் இருவர் முன்னின்று பாதுகாப்புச் சங்கம் ஒன்றை ஸ்தாபித்தார்கள். தூண்கள் வரிசையாக நின்ற பழைய சந்தை மண்டபத்தைத் தெருவை அகலப்படுத்துவதற்காக இடிக்கப்போகிறார்கள் என்ற செய்தியே அவர்களை எழுப்பியது. மனு எழுதிக் கெஞ்சுவதற்குப் பதிலாக, எமிலி எட்வர்ட்ஸ் ஒரு பொம்மலாட்டம் எழுதினார். பொன்முட்டை இடும் வாத்தைக் கொன்ற பழங்கதையே அதன் கரு. நகராதிபதியையும் சபை அங்கத்தினரையும் ஒத்த முகங்களோடு பொம்மைகள் செய்து, அவர்கள் முன்னிலையிலேயே ஆடிக்காட்டினார்கள். நகரத்தின் தனித்தன்மையே அந்த வாத்து; ஆறும் மிஷன்களும் பழைய வீடுகளும் அதன் முட்டைகள். மண்டபத்தை அவர்களால் காப்பாற்ற முடியவில்லை. 1925-இல் அது வீழ்ந்தது. ஆனால் சங்கம் வீழவில்லை. சான் ஹோசே மிஷனின் களஞ்சியத்தைச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து வாங்கிச் செப்பனிட்டது. 1937-இல் எஸ்பாடாவின் கல்வளைவுப் பாலத்தை வாங்கிக் காத்தது. ஆற்றின் வளைவும் தூர்க்கப்படாமல் நின்றது. 1929-இல் ராபர்ட் ஹியூக்மன் என்னும் இளம் சிற்பசாஸ்திரி, படிக்கட்டுகளும் வளைவுப் பாலங்களும் கரையோரக் கடைகளுமாக அதை அழகுபடுத்தும் சித்திரத்தை வரைந்து காட்டினார். 1939 முதல் 1941 வரை மத்திய அரசாங்கத்தின் வேலைத்திட்டப் பணத்தால் அது உருப்பெற்றது. இன்றைக்கு அந்த ஆற்றங்கரையால் நகரம் ஈட்டும் செல்வத்தைப் பார்க்கும்போது, பொம்மலாட்டத்தின் உபதேசம் பலித்தது என்றே சொல்லவேண்டும்.

அதே பத்தாண்டில் மேற்குப்புறத்தில் நிகழ்ந்தவை வேறு. வைக்கோற் சந்தைச் சதுக்கத்தில் மிளகாய் ராணிகளின் மேஜைகள் இன்னும் இரவுதோறும் விரிந்தன. லாந்தரின் ஒளியில் அங்கே பாடிய குடும்பங்களுள் மெண்டோசா குடும்பம் ஒன்று. அதன் மகள் லிடியா, பன்னிரண்டு தந்திகள் கொண்ட கிதாரைத் தானே மீட்டிப் பாடுவாள். சூயிங்கம் மிட்டாய் சுற்றிவந்த காகிதத்தில் அச்சிட்டிருந்த பாட்டு வரிகளைச் சிறுவயதில் சேகரித்து வைத்துக்கொண்டு, அவற்றுள் ஒன்றுக்கு மெட்டும் கற்றுக்கொண்ட அப்பெண், 1934-இல் இசைத்தட்டில் அதைப் பாடினாள். பொல்லாத ஆடவன் ஒருவனைப் பற்றிய அந்தப் பாட்டு எல்லைக்கு இருபுறமும் பரவி, பருத்திக்காட்டுக் கூலிகளின் குடிசைகளெங்கும் ஒலித்தது. சந்தையில் சில்லறைக்குப் பாடிய லிடியா மெண்டோசாவுக்கு 1999-இல் அமெரிக்க தேசத்தின் கலைப் பதக்கம் அளிக்கப்பட்டது. அக்காலத்தில் பிற அரங்குகளில் இடம் கிடைத்திராத ஒரு கலைக்கு அடுப்பங்கரைச் சதுக்கமே அரங்கமாக இருந்தது.

1938 ஜனவரி இறுதியில், பெக்கன் என்னும் கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் தொழிலாளர் ஏறக்குறைய 12,000 பேர், கூலியைக் குறைத்ததை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுள் பெரும்பாலோர் மெக்ஸிகோ இனப் பெண்கள். காற்றோட்டமில்லாத கொட்டகைகளில் நாள் முழுவதும் உட்கார்ந்து உழைத்து வாரத்துக்கு இரண்டு மூன்று டாலர் பெற்றவர்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கி நின்ற எம்மா தெனயூக்காவுக்கு வயது 21. குழாய்நீரும் சாக்கடையும் இல்லாத அவர்களுடைய குடியிருப்புகளில் க்ஷயரோகம் பரவியிருந்தது. அந்நோயைக் குறித்து நகரம் எழுப்பிய பேச்சில் குழாய் போடவேண்டும் என்ற குரலைவிட, சதுக்கத்தில் திறந்தவெளியில் உணவு விற்கலாகாது என்ற குரலே உரத்துக் கேட்டது. சுகாதார விதிகளின் பெயரால் 1937 வாக்கில் மிளகாய் ராணிகளின் மேஜைகள் அகற்றப்பட்டன. 1939-இல் நகராதிபதியாக வந்த மோரி மேவரிக், ஏழைகளிடம் பரிவுடையவர், வலையடித்த கூடாரங்களுக்குள் விற்கலாம் என்ற நிபந்தனையோடு அவர்களைத் திரும்ப அழைத்தார். ஆனால் வலைக்குள்ளே லாந்தரும் பாட்டும் கூட்டமும் பழையபடி கூடவில்லை. யுத்தகாலத்தின் நடுவே, 1940-களின் தொடக்கத்தில், கடைசி அடுப்பும் அணைக்கப்பட்டது.

அணைந்தபிறகு புகழ் வந்தது. 1977-இல் டெக்சாஸ் சட்டசபை சில்லியை மாநில உணவாகத் தீர்மானம் செய்தது. 2015-இல் ஐந்து மிஷன்களும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அங்கீகாரம் பெற்றன. 2017-இல் அதே ஸ்தாபனம் சான் அன்டோனியோவை உணவுக்கலைக்கான படைப்பு நகரங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. நகரத்தின் சித்திரசாலைகளும் இந்த வரலாற்றோடு சம்பந்தமற்றவை அல்ல. ஓவியரும் எண்ணெய்ச் செல்வத்தின் வாரிசுமான மேரியன் கூக்லர் மெக்நே, தம் ஸ்பானிய பாணி மாளிகையையும் சித்திரத் தொகுதியையும் நகரத்துக்கு விட்டுச்சென்றார். 1954-இல் அது டெக்சாஸின் முதல் நவீன கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. டேவிட் பேஸ் என்பவர் 1947-இல் தொடங்கிய மிளகாய் சல்சா வியாபாரம் பெருநிறுவனமாயிற்று. அச்செல்வத்துக்கு உரியவரான அவர் மகள் லிண்டா பேஸ், 1995-இல் திறந்த ஆர்ட்பேஸ் என்னும் கலைக்கூடத்தில் உலகெங்குமிருந்து ஓவியரையும் சிற்பியரையும் வரவழைத்துத் தங்கவைத்து வேலைசெய்யச் செய்தார். மிளகாயின் செல்வம் சுற்றிவந்து சித்திரத்தின் காலடியில் சேர்ந்தது.

மேற்குப்புறத்தாரும் காத்துக்கொண்டே இருக்கவில்லை. 1974-இல் அங்குள்ள ஆலயங்களின் சபையார் ஒன்றுகூடி அமைத்த சங்கம், வெள்ளநீர் வடிகாலுக்காக நகரசபையோடு போராடி வெற்றி கண்டது. முன்னணியில் நின்றவர்களுள் இல்லத்தரசிகள் பலர். 1980-இல் குவாடலூப் கலாசார நிலையம் தோன்றியது. 1982 முதல் அக்கார்டியன் வாத்தியம் இசைக்கும் கொன்ஹுன்டோ இசைவிழாவை அது நடத்திவருகிறது. அதன் வாசலில், வியட்நாம் போரில் வலக்கையை இழந்து இடக்கையால் வரையக் கற்றுக்கொண்ட ஜெஸ்ஸி திரெவின்யோ, சுமார் 40 அடி உயரத்தில் மாதாவின் மெழுகுவர்த்தி வடிவம் ஒன்றை வண்ண ஓடுகளால் அமைத்தார். சுற்றுப்புறத் தெருக்களின் சுவர்களில், பாட்டிமாரும் கொட்டை உடைத்தவர்களும் பாடகிகளும் சித்திரங்களாக நிற்கிறார்கள்.

இவ்வளவையும் கருதிப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. கல்லையும் ஆற்றையும் காப்பதற்கு அந்நகரத்தில் சங்கம் இருந்தது; சங்கத்தாருக்குக் கல்வியும் செல்வமும் அதிகாரிகளை நேரில் கண்டு பேசும் செல்வாக்கும் இருந்தன. அவர்கள் செய்த தொண்டு பெரிது. அவர்கள் இல்லாவிடில் இன்று பார்ப்பதற்கு அதிகம் மிஞ்சியிராது. ஆனால் சமைத்தவளுக்கும் பாடினவளுக்கும் அவ்வாறு சங்கம் இல்லை. கட்டடத்தை வாங்கிப் பூட்டி வைக்கலாம். ஒரு தொழிலைக் காப்பதற்கோ, அதைச் செய்கிறவர்களுக்கு இடமும் நீரும் நியாயமான கூலியும் தருவதைத் தவிர வேறு உபாயம் கிடையாது. சான் அன்டோனியோ அதை உரிய காலத்தில் செய்யவில்லை. அதனால்தான் சில்லியின் பெயர் சட்டப்புத்தகத்தில் இருக்கிறது. அதைச் சமைத்தவர்களுள் ஒரு சிலரைத் தவிர மற்றவர்களின் பெயர்கள் எங்குமே எழுதப்படவில்லை.

ஆகையால் அந்நகரத்துக்குச் செல்லும் பிரயாணி, அலமோவையும் ஆற்றங்கரையையும் பார்த்ததோடு நின்றுவிடாமல், மேற்குப்புறத்துத் தெருக்களுக்கும் போகவேண்டும். குடும்பத்தார் சேர்ந்து நடத்தும் சிறு உணவுக்கடையில் உட்கார்ந்து உண்ணவேண்டும். கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுக்கவேண்டும். இன்னும் தெருவோரத்தில் அடுப்பு மூட்டி ஊரின் பசியாற்றும் பெண்கள் எந்த நகரத்தில் இருந்தாலும், அந்த நகரத்தின் சபையார் சான் அன்டோனியோவின் கதையை ஒருமுறை படிப்பது நல்லது. அவர்களுக்குக் குடிநீர்க் குழாயும் விளக்கும் உட்கார நிலையான இடமும் அளிக்க ஆகும் செலவு, அவர்கள் மறைந்தபின் எடுக்கும் நினைவுவிழாவின் செலவைவிடக் குறைவு. அதனால் விளையும் நன்மையோ, உண்பவருக்கும் சமைப்பவருக்கும் ஊருக்கும் ஒருங்கே உரியது.